பேர் சொல்லாத மருந்தும் என் இடது காலும்

என்னைப் பார்க்க வருகிறவர்கள் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் கேட்பது ஒன்றுதான். அது என்ன செடி? நான் சொல்வதில்லை. இவளுக்கு எத்தனை ராங்கி பார் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. போகட்டும். ஏன் சொல்வதில்லை என்பது இரண்டு வார்த்தையில் அடங்குகிற சமாச்சாரம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். எங்கள் மகளிர் குழுவில் தீர்மானம் எழுதுகிறவள் நான், பேனா பிடிப்பது எனக்குப் புதிதில்லை.

கொல்லிமலையில் எங்களுக்கு வாழவந்தி நாடு. விற்பதற்கு மிளகும் மரவள்ளியும், வீட்டுக்குக் கொஞ்சம் சாமையும் உண்டு. மிளகுப் பறிப்பு நடந்துகொண்டிருந்தபோது, சாய்வாக வெட்டிவிட்டிருந்த மூங்கில் கட்டை ஒன்று செருப்பைத் துளைத்துக்கொண்டு என் இடது பாதத்தில் ஏறிவிட்டது. எனக்கு அது தெரியவே இல்லை. என்னைப் போன்ற சர்க்கரை நோய்க்காரர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கிப்போகும் என்று பின்னால் டாக்டரம்மா சொல்லித்தான் தெரியும். சாயங்காலம் செருப்பைக் கழற்றியபோது ரத்தத்தைப் பார்த்தேன். மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் பறிப்புக்குப் போனேன். பழுத்த மிளகு நமக்காகக் காத்திருக்குமா?

பாதம் வீங்கியது. அடிவாரத்தில் ஒரு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கினேன். வீக்கம் வற்றியதும் மிச்சத்தை டப்பாவில் போட்டு வைத்தேன். திரும்ப வீங்கியது, மிச்சத்தை எடுத்து விழுங்கினேன். எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான் இது. கூடவே எங்கள் வீட்டுக்காரரும் தன் பங்குக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆறாத புண்ணுக்கு மருந்து கொடுக்கிற கை அவருடையது. அவருடைய அப்புச்சியிடமிருந்து, அதாவது அம்மாவைப் பெற்றவரிடமிருந்து, வந்த மருந்து. மலையின் இன்னொரு பக்கத்துப் பைல் நாட்டிலிருந்தெல்லாம் ஆள் வரும். அந்த மருந்துக்குக் கட்டுப்பாடு நிறைய. செடி பிடுங்கப் போகும்போது வழியில் எமனே வந்து வணக்கம் சொன்னாலும் பதில் பேசக்கூடாது. கொடுத்ததற்குக் கூலி வாங்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, செடியின் பேரைச் சொல்லக்கூடாது, வேரும் இலையுமாக அதை இன்னொருவர் கண்ணில் காட்டவும் கூடாது. சொன்னாலோ காட்டினாலோ மருந்து செத்துப்போகும், அதற்குப் பிறகு அந்தக் கையால் கொடுப்பது வெறும் தழைத்தண்ணீர் என்பது அவர்கள் வீட்டு நம்பிக்கை. இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்திய எனக்கே அந்தச் செடி எது என்று தெரியாது. காட்டிலேயே நசுக்கித் துணியில் கட்டிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவார். நான் தூக்கத்தில்கூடப் பேசுகிறவள். அவரோ கேட்டாலும் பேசாத கல்லுளிமங்கன். எங்களை யார்தான் ஜோடி சேர்த்தார்களோ.

கஷாயத்தால் முதலில் கொஞ்சம் குணம் தெரிந்த மாதிரிதான் இருந்தது. பிறகு குளிர் காய்ச்சல் வந்தது. பேளுக்குறிச்சியிலிருந்து மிளகு எடுக்க வருகிற சையது பாய் அன்றைக்கு வாசலுக்கு வந்தவர், மூட்டையைப் பார்க்கவில்லை, மூக்கைச் சுளித்துக்கொண்டு என் காலைத்தான் பார்த்தார். கட்டை அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்ததும் தன் வண்டியின் பின் சீட்டில் இருந்த சாக்குகளையெல்லாம் இறக்கிப் போட்டார். மலையின் அத்தனை வளைவிலும் நான் வாந்தி எடுத்துக்கொண்டே இறங்கினேன். வண்டி பாழாகிறதே என்று நான் சொன்னபோது, வண்டியைக் கழுவிக்கலாம்மா என்று மட்டும் சொன்னார். அந்த மனுஷன் நன்றாக இருக்க வேண்டும்.

சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். காத்திருக்கிற கூடத்தில் என் வரிசையில் இருந்தவர்களில் பாதிப் பேருக்குக் காலில் கட்டு, சிலருக்குக் கட்டுப் போடக் காலே இல்லை. எதிரே ஒரு அம்மா முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாத இடத்தில் புடவையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தார். வாய் ஓயாத எனக்கு அன்று சாயங்காலம் வரை ஒரு சொல் வரவில்லை. என் மகள் கோமதி, நாமக்கல்லில் கட்டிக்கொடுத்தவள், தன் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு ஓடிவந்தாள். வந்ததும் அழவில்லை. என் தலையை அவிழ்த்துச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டாள். அந்த ஒரு காரியத்தில்தான் எனக்கு உயிர் வந்தது.

புண்ணிலிருந்து சீழ் எடுத்துக் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினார்கள். கல்ச்சர் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சீழில் இருக்கிற கிருமியை ஒரு கண்ணாடித் தட்டில் தீனி வைத்து வளர்க்கிறார்கள். அதன் மேல் ஒவ்வொரு மருந்தையும் நனைத்த பொட்டு மாதிரிக் காகித வில்லைகளை வைக்கிறார்கள். எந்த வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து வட்டமாக இடம் வெளுக்கிறதோ, அந்த மருந்து கேட்கும். வட்டம் விழாவிட்டால் கேட்காது. என் தட்டில் எந்த வில்லையைச் சுற்றியும் வட்டம் இல்லை. தனியாகச் சோதித்ததில் ஒரே ஒரு மருந்து மட்டும் கேட்கும் என்று வந்தது.

டாக்டரம்மாவுக்கு என் மகளைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும், அவ்வளவுதான். சத்தம் போடாமல், அதட்டாமல் பேசுகிறவர். பாதி மாத்திரையில் நிறுத்தியதைப் பற்றிக் கேட்டார். பாதியில் விட்டால் நலிந்த கிருமிதான் சாகும், தாக்குப்பிடித்த கிருமி மருந்துக்குப் பழகிக்கொண்டு பெருகும் என்று சொன்னார். என்னை மட்டும் குறை சொல்லவில்லை, எங்கெங்கோ யார் யாரோ விழுங்கி விட்டதெல்லாம் சேர்ந்துதான் இப்படி ஆகிறது என்றார். கேட்கிற அந்த ஒரு ஊசிமருந்து பழைய மருந்து, சிறுநீரகத்தைப் பிடிக்கும், அதனால் தினமும் ரத்தம் எடுத்துக் கிரியாட்டினின் பார்ப்போம் என்றார். ரத்தத்தில் இருக்கிற ஒரு கழிவு அது. சிறுநீரகம் சரியாக வடிகட்டினால் குறைவாக இருக்கும், சோர்ந்துபோனால் ஏறும்.

ஊசி ஆரம்பித்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் மாடு கன்றைப் பார்க்க மலைக்குப் போவதும், பஸ் பிடித்து வருவதுமாக இருந்தார். வரும்போதெல்லாம் ஒரு பிளாஸ்க். நர்ஸம்மா என்ன என்று கேட்டால் சுக்குக் காப்பி என்பார். பேசாத மனுஷன் பொய் சொன்னால் யாருக்குச் சந்தேகம் வரும்? உள்ளே இருந்தது அதே கஷாயம்தான், முன்னைவிடச் சுண்டக் காய்ச்சியது. எனக்குத் தெரியும். தெரிந்துதான் குடித்தேன். ஊசி ஒரு பக்கம் அடிக்கட்டும், இது ஒரு பக்கம் அடிக்கட்டும், இரண்டுக்கும் நடுவில் கிருமி எங்கே ஓடும் என்று நினைத்தேன். டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. மலை மருந்தை மலைக்கு வெளியே சொல்லிக்கொண்டிருப்பது எங்கள் வழக்கம் இல்லை.

காய்ச்சல் இறங்கியது. சீழ் குறைந்தது. நானும் பழையபடி வாயைத் திறந்து பக்கத்துக் கட்டில்காரியிடம் அவள் மருமகளைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் கிரியாட்டினின் ஏறியது. மறுநாள் இன்னும் ஏறியது. முகம் ஊதி, கண் இடுங்கிப்போனது.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்ததுமே கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். சிறுநீரகம் கெடுகிறது, ஊசியால்தான் என்றால் ஊசியை நிறுத்தியாக வேண்டும் என்றார். நிறுத்தினால் வேறு மருந்து இல்லை, கிருமி மேலே ஏறுவதற்குள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியிருக்கும், வேறு எதுவும் சாப்பிடுகிறீர்களா, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றார். எனக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த பிளாஸ்க்கைக் காட்டினேன்.

எங்கள் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். எங்கள் வீட்டுக்காரரிடம்தான் பேசினார்.

"இதை நிறுத்திட்டுக் காத்திருந்து பார்க்க எங்களுக்கு நேரம் இல்லைங்க. இது சிறுநீரகத்தைக் கெடுக்கற செடின்னா, செடியை மட்டும் நிறுத்திட்டு ஊசியைத் தைரியமாத் தொடரலாம். கெடுக்காத செடின்னா, ஊசிதான் காரணம், ஊசியை நிறுத்தணும். கஷாயத்தை வெச்சுக் கண்டுபிடிக்க முடியாது. என்ன செடின்னு மட்டும் சொல்லுங்க."

அவர் வாயைத் திறக்கவில்லை. டாக்டரம்மா காத்திருந்தார். பிறகு, நாளைக்குக் காலையில் சோதனை முடிவு வந்ததும் நான் முடிவு எடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

நான் அவரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். அந்த வார்டில் அன்று இருந்தவர்களுக்கெல்லாம் நான் பேசியது கேட்டிருக்கும். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்றேன். உங்களுக்குப் பெண்டாட்டி கால் பெரிசா, அப்புச்சி சொல் பெரிசா என்றேன். இன்னும் என்னென்னவோ, எழுத முடியாததெல்லாம் சொன்னேன். அழுதேன். கோமதியும் அப்பா சொல்லுங்கப்பா என்று கெஞ்சினாள்.

கடைசியில் அவர் சொன்னது இவ்வளவுதான்:

"சொன்னா மருந்து செத்துப்போகும் புள்ள. பொறவு உன்ற காலுக்கு எங்கிட்ட என்ன இருக்குது?"

அந்த வார்த்தையைக் கேட்டு எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது. இன்றைக்கு நினைத்துப் பார்க்கிறபோதுதான் தெரிகிறது. டாக்டரம்மாவுக்கு என் காலைக் காப்பாற்ற அந்தப் பேர் வேண்டும். எங்கள் வீட்டுக்காரருக்கு என் காலைக் காப்பாற்ற அந்தப் பேர் வெளியே வரக்கூடாது. இரண்டு பேரும் ஒரே காலுக்காகத்தான் நின்றார்கள். என் மரமண்டைக்கு அன்று அது எட்டவில்லை. கண்ணெதிரில் நிற்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். டீக்கடைக்குப் போகிறார் என்று நினைத்தோம். இருட்டியும் வரவில்லை. போன் அடித்தால் கட்டில் மேலேயே மணி அடித்தது, வைத்துவிட்டுப் போயிருந்தார். சையது பாய்க்குப் போன் செய்தோம். பேளுக்குறிச்சி பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன், கூப்பிட்டேன், திரும்பிப் பார்த்துவிட்டுப் பதில் பேசாமல் மலை பஸ்ஸில் ஏறிவிட்டார் என்றார். பாய்க்கு அதில் மனவருத்தம். எனக்கு அதைக் கேட்டதும்தான் உடம்பு சிலிர்த்தது. செடி பிடுங்கப் போகிறவர்தான் வழியில் பேசமாட்டார்.

மறுநாள் காலையில் டாக்டரம்மா முடிவோடு வந்து நின்றபோது அவர் வார்டுக்குள் நுழைந்தார். வேட்டியெல்லாம் செம்மண். கையில் ஈரத்துண்டு. என் கட்டில் ஓரத்து மேசையில் அதை வைத்துப் பிரித்தார். நசுக்காத செடி. வேரில் மண் ஒட்டியிருந்தது, இலை வாடவில்லை, நுனியில் சின்னச் சின்னதாகப் பூ. டாக்டரம்மா, நர்ஸம்மா, பக்கத்துக் கட்டில்காரி, கோமதி, நான், அத்தனை பேர் கண்ணுக்கும் முன்னால் அது கிடந்தது. அவர் அதைப் பார்க்காமல் என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பேரை மட்டும் சொல்லவில்லை. கையை உதறிவிட்டுப் போய்த் தாழ்வாரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு அந்தச் செடி ஏமாற்றமாக இருந்தது. எங்கள் தோட்டத்துப் பாதையில் நான் எத்தனையோ தரம் மிதித்துக்கொண்டு போன செடி, அதன் பேரைக்கூட நான் கேட்டது கிடையாது.

டாக்டரம்மா போட்டோ எடுத்துத் தாவரம் சொல்லிக்கொடுக்கிற ஒரு பேராசிரியருக்கு அனுப்பினார். மத்தியானத்துக்குள் பதில் வந்துவிட்டது. வேரில் இருக்கிற ஒரு பொருள், சுண்டக் காய்ச்சித் தினமும் குடித்தால் சிறுநீரகத்தை அடிக்கக்கூடியது. மேலே பூசினால் அவ்வளவு கெடுதல் இல்லை. ஆக, கஷாயம் நின்றது. ஊசி நிற்கவில்லை, அளவை மட்டும் குறைத்துக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். கிரியாட்டினின் முதலில் ஏறுவதை நிறுத்தியது, பிறகு மெல்ல இறங்க ஆரம்பித்தது. இரண்டு விரலையும் அழுகிய சதையையும் எடுத்தார்கள். கால் நின்றது.

சந்தோஷப்பட வேண்டிய அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்காரர் யாரோ செத்த வீட்டுக்காரர் மாதிரி இருந்தார். எனக்கு இட்லி பிட்டு ஊட்டுவார், கழிப்பறைக்குத் தாங்கிக்கொண்டு போவார், திட்டினால் வாங்கிக்கொள்வார், எல்லாம் பழையபடிதான். ஆனால் ஊரிலிருந்து ஒருவர் போன் செய்து ஆறாத புண் என்று மருந்து கேட்டபோது, "எங்கிட்ட இப்ப மருந்து இல்லீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். செடி காடு நிறையத்தான் இருக்கிறது. இல்லை என்று அவர் சொன்னது செடியை அல்ல என்று எனக்குப் புரிந்தது. என் கால் நிற்பதற்காக அவர் தன் மருந்துக் கையைக் கொடுத்திருக்கிறார். அதற்கு நான் என்ன ஆறுதல் சொல்ல முடியும்? பக்கத்தில் உட்காரச் சொல்லி அவர் உள்ளங்கையை என் மடியில் வைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால், டாக்டரம்மா எங்கள் இருவரையும் சோதனைக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் சக்கர நாற்காலியில், அவர் தள்ளிக்கொண்டு வந்தார். அங்கே கிருமிகளைப் பார்க்கிற டாக்டர் ஒருவர், நரைத்த மனிதர், எங்களுக்காக மூடி போட்ட மூன்று கண்ணாடித் தட்டுகளை எடுத்து வைத்திருந்தார். மூன்றிலும் என் காலிலிருந்து எடுத்த அதே கிருமி, ஆறிய கஞ்சியின் ஆடை மாதிரிப் படர்ந்திருந்தது. முதல் தட்டில், நான் பாதியில் விட்டேனே, அந்த மாத்திரையின் மருந்து. வில்லையைச் சுற்றி ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதில் எங்கள் செடியின் இலைச்சாறு மட்டும். அதிலும் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவதில் இலைச்சாற்றைத் தீனியோடு கலந்து கிருமியை வளர்த்து, அதே மாத்திரை மருந்தின் வில்லையை வைத்திருந்தார்கள். அதைச் சுற்றி ஒரு ரூபாய்க் காசைவிடப் பெரிதாக ஒரு வட்டம் வெளுத்திருந்தது.

நரைத்த டாக்டர் விளக்கினார். சில கிருமிகள் மருந்து உள்ளே நுழைந்ததும் அதைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். சில இலைகளில் இருக்கிற பொருள் அந்தத் தள்ளுகிற கையைக் கட்டிப்போடும், அப்போது கேட்காத மருந்தும் கேட்கும். இதிலும் அப்படித்தான் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல இன்னும் நிறையப் பார்க்க வேண்டும் என்றார். உலகத்தில் பல இடங்களில் இப்படிச் செடியையும் மருந்தையும் சேர்த்துச் சோதிக்கிறார்களாம். பல செடிகளால் பலன் இல்லையாம், சில செடிகள் மருந்தையே முடக்கிவிடுமாம். நான் வாயைப் பிளந்துகொண்டு அப்படியானால் குடித்தது நல்லதுதானா என்று கேட்டேன்.

"கண்ணாடித் தட்டுக்குச் சிறுநீரகம் கிடையாதும்மா. உங்களுக்கு இருக்கு" என்றார்.

அதனால்தான் நான் பேரைச் சொல்வதில்லை. சொன்னால் நாளைக்கே நாலு பேர் சுண்டக் காய்ச்சிக் குடிப்பீர்கள், டாக்டரிடம் மூச்சு விடமாட்டீர்கள். நானே அப்படித்தானே செய்தேன். நீங்கள் ஏற்கெனவே ஏதாவது குடித்துக்கொண்டிருந்தால், அது எந்த மலை மருந்தானாலும், எந்தச் சாமி கொடுத்ததானாலும், முதலில் போய் டாக்டரிடம் சொல்லுங்கள். பேரைச் சொல்ல மனசு வராவிட்டால் செடியைக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள்.

இத்தனை பேச்சும் நடந்தபோது எங்கள் வீட்டுக்காரர் குனிந்து அந்த மூன்றாவது தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்னது எதுவும் அவர் காதில் விழுந்த மாதிரித் தெரியவில்லை. பிறகு நிமிர்ந்தார். அத்தனை நாளில் அவராக டாக்டர்களிடம் கேட்ட ஒரே கேள்வி இதுதான்.

"ஏனுங்க, இது நான் செடியைக் காட்டினதுக்கு முந்திச் செஞ்சதுங்களா, பொறவு செஞ்சதுங்களா?"

நரைத்த டாக்டருக்குக் கேள்வி விளங்கவில்லை. "முந்தி எப்படிங்க செய்ய முடியும்? நீங்க கொண்டுவந்து காட்டின பிறகுதானே செடியே எங்க கைக்கு வந்துச்சு?"

"பொறவுதானுங்களா?"

"பிறகுதாங்க."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். டாக்டர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் ஒன்றும் விளக்கம் சொல்லவில்லை. காட்டிய பிறகும் மருந்து சாகவில்லை, அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

ஊருக்கு பஸ்ஸிலேயே போகலாம் என்று அவர்தான் சொன்னார். மலை ஏற ஆரம்பித்ததும் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் கட்டுப்போட்ட காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். ஏதோ ஒரு வளைவில் வண்டி உறுமிக்கொண்டு திரும்பியபோது, என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து அந்தப் பேரைச் சொன்னார். சந்தையில் மரவள்ளி விலை சொல்கிற மாதிரி, சாதாரணமாகச் சொன்னார்.

எனக்கு வண்டிச் சத்தத்தில் சரியாகக் கேட்டதா என்று சந்தேகம். வாய்விட்டு ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன்.

"மெல்லச் சொல்லு புள்ள" என்றார்.